காப்புக் கட்டிய காட்டுப்பாக்கத்தார்

முந்தி வந்தவர் என்று ஓர் இனம் உண்டு. இந்த மண்ணில் பிறந்தவரல்லர். உங்களுக்கு முன்னால் வந்தவர். தகுதி அவ்வளவுதான்.

காட்டுப்பாக்கம் கிருபாகரன் இதில் அசல் வித்து. கோவில்பட்டியிலிருந்து சென்னைக்குக் கம்ப்யூட்டர் வேலைக்கு வந்து, கடனில் ஃப்ளாட் வாங்கி, மகள் ரோஷினியை இங்கேயே பெற்று வளர்த்தவர். யார் புதிதாகக் குடிவந்தாலும், பீரோ லாரியிலிருந்து இறங்குவதற்குள் பக்கத்தில் போய் நின்று, தாம் வந்தபோது இங்கே ஒன்றுமே கிடையாது, ஒரே பொட்டல் என்பார். குழாயில் தண்ணீர் வரவில்லையா? கண்டவர்களும் குடியேறிவிட்டார்கள். மாங்காடு கோயிலில் வரிசை நகரவில்லையா? அதே கண்டவர்கள். அவர் வந்தவரைக்கும் வளர்ச்சி. அவருக்குப் பின்னால் வந்ததெல்லாம் கூட்டம்.

அந்த ஒன்றுமில்லாத பொட்டலில்தான் உள்ளூர்க்காரர் வேம்புலியின் அப்பா அம்மா கூலிக்கு நாற்று நட்டார்கள். வேம்புலிக்கு இப்போது அம்பத்தூரில் கம்பெனி வேலை. தெரு அம்மன் கோயில் திருவிழாவும் அவர் பொறுப்பு. அவர் வாயால் ஒரு தடவை ‘நம்மூர்க்காரர்’ என்று கேட்டுவிட வேண்டும். கிருபாகரனுக்கு வாழ்க்கையில் வேறு குறையில்லை.

ஆடி பிறந்ததும் வேம்புலியிடம் போய், திருவிழாக் காப்புக் கட்டிவிடச் சொல்லிக் கையை நீட்டினார்.

“காப்பு கட்டிகினா கூழ் ஊத்தற வரிக்கும் எல்லைய தாண்டி ராத்தங்கக் கூடாது சார், முடியுமா?” என்றார் வேம்புலி.

முடியுமாவா? மஞ்சள் கயிறு தெரியும்படி ஆபீசில் முழுக்கைச் சட்டையை முழங்கைவரை மடித்துவிட்டுக்கொண்டு திரிந்தார்.

மறுநாளே தங்கை அகல்யா கோவில்பட்டியிலிருந்து போன் செய்தாள். கூழ் ஊற்றும் அதே ஞாயிற்றுக்கிழமை, குலதெய்வக் கோயிலில் அவள் மகனுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடி இல்லாமல் எந்தப் பிள்ளைக்குக் காது குத்துகிறார்கள்? காப்பை அவிழ்த்தால் இங்கே ஊர் இல்லை, போகாவிட்டால் அங்கே உறவு இல்லை. மனிதர் நிஜமாகவே கலங்கிப்போய், சாப்பாட்டைத் தொடவில்லை.

அகல்யா அழுதாள், திட்டினாள், பேச்சை நிறுத்தினாள். கடைசியில் குலதெய்வத்திடம் பூக்கட்டிக் கேட்டு, சாமியே உத்தரவு கொடுத்துவிட்டதென்று சொல்லி, சொந்தபந்தம், ஆசாரி, அண்டா சகிதம் வேன் பிடித்துக் காட்டுப்பாக்கத்துக்கே வந்து இறங்கிவிட்டாள். வந்தவர்கள் ஃப்ளாட்டைச் சுற்றிப் பார்த்து, மெட்ராஸ்காரவுக வீடு பரவாயில்லையே என்று பேசிக்கொண்டார்கள். கிருபாகரனுக்குக் காது குளிர்ந்தது. இந்த ஒரு சொல்லுக்குத்தானே இத்தனை பாடு?

அம்மன் கோயிலில் கிருபாகரன் மருமகனை மடியில் வைத்திருக்க, ஆசாரி ஊசியை எடுத்த நேரம், வேம்புலி மைக்கைப் பிடித்தார்.

“நம்ம கோயில்பட்டி கிருபாகரன் சார் ஊட்டுப் புள்ளைக்குக் காதுகுத்து நடந்துகினு கீது. அல்லாரும் வந்து வாழ்த்திட்டுப் போங்க.”

கோயில்பட்டி! எட்டுத் தெருவுக்கும் கேட்கும் ஒலிபெருக்கி. ஊசி மருமகன் காதில் இறங்கியது; கத்த வேண்டும்போல் இருந்தது மாமனுக்கு. கோவில்பட்டியில் அவர் மெட்ராஸ்காரர், மெட்ராஸில் அவர் கோவில்பட்டிக்காரர். இடையில் விழுப்புரத்தில் இறங்கியிருக்கலாம் போலும். ரோஷினி சிரித்த சிரிப்பில் கையிலிருந்த கூழ் பாதி கீழே போயிற்று.

அப்போது பார்த்து, போன மாதம் தர்மபுரியிலிருந்து மூன்றாம் மாடிக்குக் குடிவந்த ஜெகதீஷ் பணிவாகப் பக்கத்தில் வந்தான்.

“சார், உங்களுக்கு இந்த ஊர்தானுங்களா?”

ஒரு பக்கம் அகல்யா முறைத்தாள். மறுபக்கம் வேம்புலி கரண்டியோடு நின்றார். கிருபாகரன் தொண்டையைச் செருமினார்.

“பொறந்த ஊரைக் கேக்கிறீங்களா, இருக்கிற ஊரைக் கேக்கிறீங்களா?”

சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். அது கிடக்கட்டும், உங்களுக்கு எந்த ஊர்? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள் பார்க்கலாம்.