பெருமாள்மலையில் ஏது பனைமரம்?

கொடைக்கானல் மலையில் பனிமூட்டத்தைக்கூடக் கையை விட்டுத் துழாவிப் பார்த்த பிறகே நம்புகிற ஆள் ஒருவர்தான் இருந்தார். பூண்டியில் காய்கறி வேன் ஓட்டியவர். எதைச் சொன்னாலும் "நேர்ல பாத்தியா?" என்பார். அதுவே பெயராகிவிட்டது. நானும் அவரும் நனைந்துகொண்டு நிற்கும்போது "மழை பெய்யுதுண்ணே" என்றாலும் அதே கேள்விதான்.

ஒருமுறை அருவிக்குக் கீழே ஐந்து தலை நாகம் என்று செல்போனில் படம் வந்தது. ஊரே கன்னத்தில் போட்டுக்கொண்டது. இவர் கேரட் மூட்டைகளோடு வேனை வளைவில் நிறுத்திவிட்டுப் பள்ளத்தில் இறங்கினார். ஒரு மணி நேரம் கழித்து அவர் குரல் வந்தது. "தலையும் இல்ல, நாகமும் இல்ல. அறுந்த தண்ணிக் குழாய் கெடக்கு. ரெண்டு பேர் வந்தா தூக்கி மாட்டிரலாம்."

இன்னொரு நாள் ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர் காலமாகிவிட்டதாகச் செய்தி. மாலையோடு போனார். வாத்தியாரே கதவைத் திறந்தார். இவர் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "வாங்கிட்டேன் சார். வாடிப்போகும், போட்டுக்கங்க" என்று கழுத்தில் போட்டுவிட்டு வந்தார்.

எங்களூர் விவசாயிகளுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. மழை, லாரி, பூண்டு விலை, அவ்வளவுதான் பேச்சு. அதில் மலைக்குக் கீழே சமவெளியிலிருந்து சில புது எண்கள் சேர்ந்தன. முதலில் காலை வணக்கத்தோடு முருகன் படம். சாமி படம் போடுகிறவரை யார் தடுப்பது? அப்புறம் 'நம் மண்ணுக்கு ஆபத்து' என்று வந்தது. அதற்கப்புறம் வந்தேறிகள் யார் யார் என்று பட்டியல். நாங்கள் எல்லாவற்றுக்கும் கும்பிடு போட்டோம்.

ஒரு வெள்ளிக்கிழமை வீடியோ வந்தது. சாலையோரக் கோயிலில் ஒருவன் முருகன் வேலைப் பிடுங்கி எறிகிறான். 'பெருமாள்மலையில் கொடுமை. டீக்கடை லெட்சுமியின் ஆட்கள் செய்தது. ஞாயிறு காலை ஒன்பதுக்குத் திரண்டு வாருங்கள், கடையை மூடுவோம். ரத்தம் கொதித்தால் பகிரவும்.'

லெட்சுமியக்காவின் அப்பா அம்மா இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவர்கள். பள்ளிக்கூட நாளிலிருந்து அவர் கையால் டீ குடித்தவன் நான். இருந்தும் என் ரத்தம் கொதித்துத் தொலைத்தது. மூன்று குழுக்களுக்கு அனுப்பினேன். இன்றைக்கு நினைத்தாலும் கூசுகிறது.

மறுநாள் வெள்ளனே வேன்காரர் என் பூண்டு வயலில் வந்து நின்றார்.

"நேர்ல பாத்தியாலே?"

"வீடியோவே இருக்கேண்ணே."

"கோயிலுக்குப் பின்னால நிக்கிறது என்ன மரம்?"

"பனமரம்."

"பெருமாள்மலையில ஏதுலே பனமரம்?"

பனை முளைக்காத இந்தக் குளிரில் பிறந்து வளர்ந்தவன், மூன்று தடவை அந்த வீடியோவைப் பார்த்தவன். மரம் என் கண்ணில் படவே இல்லை.

அவர் இதைக் குழுவில் சொன்னார். ஐந்தே நிமிடத்தில் அவரை நீக்கிவிட்டார்கள். "போனு போனா என்ன, காலு இருக்குல்ல" என்று வீடு வீடாக ஏறி இறங்கினார். போகாதே என்று ஒருவரிடமும் சொல்லவில்லை. "வெரசா வேன்ல ஏறு. நேர்ல பாத்துட்டு மூடுவோம்" என்றார்.

ஞாயிறு எட்டு மணிக்கே கடை முன்னால் முப்பது பேர் நின்றோம். சுற்றிப் பார்த்தோம். உடைந்த கோயிலும் இல்லை, பனையும் இல்லை. லெட்சுமியக்கா கதவைப் பாதி சாத்திப் பிடித்திருந்தார்.

"என்னாங்க, எல்லாரும் அடிக்கவா வந்தீங்க?"

வேன்காரர் பெஞ்சில் போய் உட்கார்ந்தார்.

"தேத்தண்ணி குடிக்க வந்தோம் தாயி. முப்பது ஊத்து."

ஒன்பது மணிக்குக் கொடி கட்டிய வண்டிகள் மேலேறி வந்தன. கூட்டத்தைப் பார்த்ததும் அவர்களுக்கு ஒரே சந்தோஷம். செல்போனைத் தூக்கிப் பிடித்துக் கோஷம் போட்டார்கள். வாங்கிச் சொல்ல ஆளில்லை. டீ கிளாஸோடு பூண்டிப் பெரியவர் ஒருவர் பக்கத்தில் போய், "தம்பி, நீங்க நேர்ல பாத்தீங்களா?" என்றார். பிறகு முப்பது பேரும் கேட்டோம், நான் கொஞ்சம் சத்தமாகவே. வெயில் ஏறுவதற்குள் வண்டிகள் திரும்பி இறங்கிவிட்டன.

போன மழைக்காலத்தில் அதே குழுவில் ஒரு வரி வந்தது. 'நேர்ல பாத்தியா காலமாகிவிட்டார்.' ஒருவரும் கும்பிடு போடவில்லை. கையில் கிடைத்த வண்டியில் எல்லாரும் கிளம்பினோம். நான் ஒரு மாலை வாங்கிக்கொண்டேன். அவரே கதவைத் திறந்து கழுத்தை நீட்டுவார் என்று கடைசி வளைவு வரை நம்பிக்கொண்டு போனேன்.