நாற்பத்து மூன்றாம் தாள்

பதிவறை எழுத்தர் தனக்குத் தானே ஒரு கடிதம் எழுதி, அனுப்புகை எண் போட்டு, தானே கையெழுத்திட்டு வாங்கிக்கொண்டார். வேறு வழியில்லை. முன்பின் தெரியாத ஒரு பெண் அவருடைய பணிப்பதிவேட்டின் நகலைக் கேட்டு மனு போட்டிருந்தாள். சம்பந்தப்பட்ட ஊழியரின் சம்மதத்தைக் கேட்டுவிட்டுத்தான் நகல் தர வேண்டும் என்பது விதி. பதிவேடுகளைக் காப்பவரும் அவர்தான், அந்த ஊழியரும் அவர்தான்.

'சம்மதமில்லை' என்று தனக்கே பதிலும் எழுதினார்.

மேலாளர் அம்மா கண்ணாடியைக் கழற்றினார். "யாரு மறுத்தது?"

"நான்தான் மேடம்."

"யார்கிட்ட?"

"என்கிட்டதான்."

"அப்படி என்னத்தங்க ஒளிச்சு வெச்சிருக்கீங்க? நாளைக்கு அந்தப் பொண்ணு வருது. பதவி உயர்வுப் பட்டியலும் நாளைக்குத்தான். காலையில பதிவேட்டைக் கொண்டாங்க, நானும் பாக்கறேன்."

எழுத்தருக்கு அந்த வரி மனப்பாடம். 'அலுவலக நேரத்தில் பதிவேட்டைத் தலைக்கு வைத்து உறங்கியமைக்காக எச்சரிக்கப்படுகிறார்.' நாற்பத்து மூன்றாம் தாளில் பழைய மேலாளர் எழுதியது. எழுதிய நாளிலிருந்து, பன்னிரண்டு வருடமாக, இவர் அந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை. அது மேலாளர் கண்ணில் பட்டால் பதவி உயர்வு அம்பேல்.

மாலையில் எல்லோரும் கிளம்பியதும் தாளை உருவி, சுக்குநூறாகக் கிழித்து, கழிப்பறையில் போட்டுத் தண்ணீரைக் கொட்டினார். அப்பாடா என்று வந்து உட்கார்ந்தால், நாற்பத்திரண்டை அடுத்து நாற்பத்து நான்கு பல்லிளித்தது. அதை நாற்பத்து மூன்றாக்கினார். ஒன்றைத் தொட்டது வினையாகி, அறுபத்தொன்று வரை திருத்த வேண்டியதாயிற்று. புது மை பளபளத்தது. பழசாகக் காட்டலாமென்று ஒரு சொட்டுத் தேநீரைத் தொட்டுத் தடவினார். முழங்கை பட்டுக் கோப்பையே கவிழ்ந்தது.

மறுநாள் மேலாளர் மேசையில் பதிவேடு ஊறி உப்பிக் கிடந்தது.

"என்னங்க இது?"

"மழை மேடம். கூரை ஒழுகி..."

"வெளியில வெயில் மண்டையைப் பிளக்குது!"

மனு போட்ட பெண் ஈரத் தாள்களைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தாள். "நாப்பத்து மூணு இது இல்லையே?"

எழுத்தர் பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்தார். "அது... உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"இங்க முன்னாடி மேலாளரா இருந்தவரு எங்கப்பாதான் சார். அன்னைக்கு உங்களுக்குக் கடும் காய்ச்சல்னு பின்னால தெரிஞ்சு, எச்சரிக்கையை ரத்து பண்ணி அதே தாளோட பின்பக்கம் எழுதி வெச்சுட்டுத்தான் ஓய்வு பெற்றாராம். 'அதை அவன் திருப்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டான், நீ போய் நகல் வாங்கி மேலாளர்கிட்ட காட்டிடும்மா, இல்லேன்னா பாவம் பதவி உயர்வு போயிடும்'னு அனுப்பினாரு."