கையாலான பெட்டி

மாமியாருக்கு என் கையாலேயே ஒரு மரப்பெட்டி செய்து கொடுப்பது என்று ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் முடிவெடுத்தேன். வீட்டில் நான் எடுத்த முடிவுகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். அப்போது என் வலது கையில் அதற்கும் வழியில்லை. விரல்கள் மடங்கினால்தானே எண்ணுவதற்கு?

கதையைக் கையிலிருந்தே தொடங்குகிறேன்.

நான் பஸ் டிரைவர். இருபத்திரண்டு வருடமாக ஓட்டுகிறேன். என் வண்டியால் ஒரு கோழிக்குக்கூடக் கீறல் விழுந்ததில்லை. அப்பேர்ப்பட்டவன் டெப்போவில், நின்றுகொண்டிருந்த வண்டியின் கடைசிப் படியில் வழுக்கி விழுந்தேன். ஓடுகிற வண்டியிலிருந்து விழுந்தால் விபத்து. நிற்கிற வண்டியிலிருந்து விழுந்தால் வேடிக்கை. டெப்போவே சிரித்தது. என் மணிக்கட்டு மட்டும் சிரிக்கவில்லை. முறிந்துவிட்டது.

ஆறு வாரம் மாவுக்கட்டு. கட்டைப் பிரித்த அன்று பார்த்தால், விரல்கள் பாதி தூரம் மடங்கி, சிவப்பு விளக்கைப் பார்த்த மாதிரி நின்றுவிட்டன. முஷ்டி மூடவில்லை. முஷ்டி மூடாதவன் ஸ்டியரிங் பிடிக்க முடியாது. அப்படிப்பட்டவர்களுக்கு டெப்போவில் ஒரு நாற்காலி போட்டு வைத்திருக்கிறார்கள். வருகிற வண்டி, போகிற வண்டியின் நேரத்தை எழுதிக்கொண்டு அதில் உட்கார்ந்திருக்கலாம். எட்டு வாரத்தில் கை தேறாவிட்டால் அந்த நாற்காலிதான் என்று மேலாளர் மிகவும் அன்பாகச் சொன்னார். திட்டிச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை.

ஆஸ்பத்திரியில் கைக்குப் பயிற்சி கொடுக்கிற அம்மாள் ஒரு ரப்பர் பந்தும் ஒரு கட்டம் போட்ட தாளும் கொடுத்தார். அன்றிலிருந்து அவருக்கு நான் வைத்த பெயர் பந்தம்மா.

"காலையில அம்பது தடவை அமுக்கணும். சாயந்திரம் அம்பது. அமுக்கினதும் இந்தத் தாள்ல டிக் போடணும். வலிக்கும். வலி இருந்தாத்தான் வழி."

வலி இருந்தது. வழியைத்தான் காணோம். முதல் நாள் ஏழு தடவை அமுக்கினேன். இரண்டாம் நாள் மூன்று. மூன்றாம் நாள் பந்தைத் தூக்கி பீரோ மேல் வைத்துவிட்டேன். உங்களிடம் மறைப்பானேன், வலிகூடக் காரணமில்லை. ஒவ்வொரு தடவையும் விரல்கள் அதே இடத்தில் வந்து நிற்பதைப் பார்க்க வேண்டியிருந்தது. பந்தைத் தொடாத வரைக்கும், தொட்டால் முடியும் என்று நினைத்துக்கொண்டிருக்கலாம் அல்லவா?

டிக் மட்டும் தவறாமல் போட்டேன். இடது கையால்.

"அமுக்கினீங்களா?" என்பாள் மனைவி.

"அமுக்கிட்டேன்."

"அம்பதா?"

"அம்பத்திரண்டு. ரெண்டு உனக்காக."

தாளைப் பார்ப்பாள். என்னைப் பார்ப்பாள். போய்விடுவாள். கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் முதல்முறையாக என்னிடம் ஏமாந்திருக்கிறாள் என்று எனக்குப் பெருமை பிடிபடவில்லை. கையிலும் எதுவும் பிடிபடவில்லை, அது வேறு விஷயம்.

இப்படியே பத்து நாள். அப்புறம்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை.

இடது கையில் டீ டம்ளரோடு உள்ளே உட்கார்ந்திருந்தேன். மாடிப்படியில் நின்றுகொண்டு மனைவி கீழ்வீட்டுத் தச்சரிடம் பேசுவது காதில் விழுந்தது.

"அம்மா அடுத்த மாசத்துலேருந்து எங்களோடதான் இருக்கப் போறாங்க. தனியா இருந்தது போதும்னு கூப்பிட்டுட்டேன். அவங்க சாமானெல்லாம் வைக்க ஒரு பெட்டி வேணும். மூடி போட்ட மாதிரி, உறுதியா."

"பலகை என்கிட்டயே இருக்கும்மா. ஏன், சார் வீட்டுலதானே சும்மா இருக்காரு? அவரையே செய்யச் சொல்லுங்களேன்."

"அவரா? அவரை விடுங்க, பாவம். அவரு இப்போ கையாலாகாதவரு."

டம்ளர் மேஜைக்குப் போனது. நான் வாசலுக்குப் போனேன்.

"யாரு கையாலாகாதவன்?"

"ஐயோ, கேட்டுடுச்சா? நான் ஒண்ணும் தப்பா சொல்லலைங்க. கையால ஆகாதுன்னுதான் சொன்னேன்."

"பெட்டியை நான் செய்யறேன்."

"வேண்டாங்க."

"செய்யறேன்னா செய்யறேன்."

"ரம்பம் பிடிக்கணும், இழைப்புளி தள்ளணும். கை வலிக்கும்."

"வலிச்சா எனக்குத்தானே வலிக்கும்?"

"சரி, உங்க இஷ்டம்."

மூன்றாவது பேச்சிலேயே என் மனைவி தோற்றுப்போனாள். எந்த வீட்டில் இப்படி நடந்தாலும் கணவன் உடனே உஷாராகிவிட வேண்டும். நான் ஆகவில்லை. தச்சர் தலையைக் குனிந்து துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார். தும்மல் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

மொட்டை மாடியில் பலகைகள் வந்து இறங்கின. முதலில் ரம்பத்தை இடது கையால் பிடித்தேன். நேர்கோடு போட்டுத்தான் அறுத்தேன். ரம்பம் ஆறு மாதிரி வளைந்து வளைந்து போய், பலகைக்கு வெளியே கடலில் கலந்தது. வலது கையால் பிடித்தால் பிடியே நிற்கவில்லை. நழுவியது.

மனைவி ஒரு பழைய துவாலையைக் கிழித்துக்கொண்டு வந்தாள். ரம்பத்தின் கைப்பிடி சுரைக்காய் பருமன் ஆகும் வரைக்கும் சுற்றிச் சுற்றிக் கட்டினாள். இழைப்புளிக்கும் அப்படியே.

"இப்போ பிடிச்சுப் பாருங்க."

பாதி மூடிய என் கைக்குள் அது அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி உட்கார்ந்தது. அறுத்தேன். வலித்தது. ஆனால் பலகை இரண்டானது. என் கை நின்றுபோன இடத்தை நான் பார்க்கவே இல்லை. ரம்பம் நிற்காமல் போகிறதா என்பதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான்கு பக்கமும் அறுத்து முடித்த அன்று மாமியார் போன் செய்தார்.

"மாப்பிள்ளை, நீளம் எவ்வளவு வச்சிருக்கீங்க?"

"நீங்க சொன்ன மூணு அடிதான் அத்தை."

"ரெண்டு விரக்கடை குறைச்சிடுங்களேன். சுவரோரம் இடிக்குமாம்."

"எந்தச் சுவர் அத்தை?"

"உங்க வீட்டுச் சுவர்தான்."

என் வீட்டுச் சுவரைப் பற்றி அவருக்கு எப்படித் தெரிந்தது என்று நான் கேட்கவில்லை. மாமியாரை எதிர்க்கேள்வி கேட்கிற அளவுக்கு எனக்கு இன்னும் எலும்பு கூடவில்லை. நீளப் பலகை இரண்டையும் மறுபடி அறுத்தேன். நாலு நாள் கழித்து உயரத்தில் இரண்டு விரக்கடை குறைந்தது. அதற்கு அடுத்த வாரம் அகலத்தில். இப்படியே போனால் கடைசியில் அவருக்கு ஒரு மூக்குக்கண்ணாடிக் கூடுதான் மிஞ்சும் என்று பயந்துவிட்டேன்.

அடுத்தது தேய்ப்பு. மாமியாரின் உத்தரவு தெளிவாக இருந்தது: கை வைத்தால் வழுக்க வேண்டும். உப்புத்தாளை ஒரு கட்டையில் சுற்றிப் பிடித்து மேலும் கீழும் தேய்த்துக்கொண்டே இருந்தேன். தச்சரிடம் தேய்க்கிற மிஷின் உண்டு என்பது எனக்குத் தெரியும். இறங்கிப் போய்க் கேட்டேன்.

"மிஷின் ரிப்பேர் சார்."

மேலே வந்து உட்கார்ந்தேன். கீழே விர்ரென்று சத்தம் கேட்டது. மறுபடி இறங்கினேன்.

"மிஷின் ஓடுதே?"

"அது எங்க வீட்டு மிக்ஸி சார்."

"மிக்ஸியில மரத்தூள் வருமா?"

தச்சர் தன் தலையிலிருந்த மரத்தூளைத் தட்டிவிட்டார். "கையால தேய்க்கிற வழவழப்பு மிஷின்ல வராது சார்" என்றார், மிகுந்த மரியாதையோடு.

நாலு விதமான உப்புத்தாள். ஒவ்வொன்றாலும் எல்லாப் பக்கமும். பிறகு முப்பத்திரண்டு திருகாணி. அவற்றையும் மிஷினில் முடுக்கக் கூடாதாம், பலகை வெடித்துவிடுமாம். திருப்புளியால் ஒவ்வொன்றாக முறுக்கினேன். இதற்கிடையில் கைப்பிடிகளில் சுற்றியிருந்த துவாலை கொஞ்சம் கொஞ்சமாக மெலிந்துகொண்டே வந்தது. உழைப்பில் தேய்கிறது என்று நினைத்து, அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கே என் மேல் மரியாதை வந்தது.

பெட்டி நின்றது. அதாவது, மூன்று மூலையில் நின்றது. மூடியைச் சாத்தினால் வலது ஓரம் ஒரு புருவத்தை மட்டும் உயர்த்திப் பார்த்தது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் மொட்டை மாடி கோணல் என்றேன். மனைவி சிரிக்கவில்லை. பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்து இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை தடவிப் பார்த்தாள்.

"வழுக்குதுங்க" என்றாள். குரல் என்னவோ போல் இருந்தது. தூசி போலிருக்கிறது என்று நினைத்தேன்.

எட்டாவது வாரம் ஆஸ்பத்திரிக்குப் போனோம். பந்தம்மா ஒரு கருவியை என் கையில் கொடுத்து, முடிந்த மட்டும் அமுக்கச் சொன்னார். அமுக்கினேன். முள் விறுவிறுவென்று ஏறியது. என் கையைக் குனிந்து பார்த்தேன். நான்கு விரலும் உள்ளங்கைக்குள் போய்ப் படுத்திருந்தன. கட்டைவிரல் மேலே காவல் காத்தது. முஷ்டி! முழு முஷ்டி! எப்போது மூடியது? யாரைக் கேட்டு மூடியது?

"பிரமாதம்! தினமும் பந்து அமுக்கினீங்களா?" என்றார் பந்தம்மா.

"காலையில அம்பது, சாயந்திரம் அம்பது" என்று தாளை நீட்டினேன்.

வாங்கிப் பார்த்தார். "இன்னைக்கு தேதி என்னங்க?"

"பதினாலு."

"இருபது வரைக்கும் டிக் இருக்கே?"

கையும் களவுமாகப் பிடிபடுவது என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. மனைவி எனக்காகப் பரிந்து பேசினாள்: "அவரு எந்த வேலையையும் முன்கூட்டியே முடிச்சிடுவாருங்க."

பந்தம்மா மேஜை இழுப்பறையைத் திறந்து ஒரு ரப்பர் பந்தை எடுத்து வைத்தார். "இது உங்க பந்துதான். ஆறு வாரத்துக்கு முன்னாடியே உங்க வீட்டம்மா கொண்டுவந்து கொடுத்துட்டாங்க. இல்லாத பந்தை அம்பத்திரண்டு தடவை அமுக்கின ஒரே ஆள் நீங்கதான்."

நான் மனைவியைப் பார்த்தேன். மனைவி கூரையைப் பார்த்தாள்.

"அவரு பந்தைத் தொடமாட்டேங்கிறாரு, பயப்படறாரு, வேற என்ன பண்ணலாம்னு வந்து கேட்டாங்க. கண்ணுல தண்ணியோட கேட்டாங்க" என்றார் பந்தம்மா. "கையில எதையாவது பிடிச்சு வேலை செய்யட்டும்னு சொன்னேன். எவ்வளவு பருமனா பிடிக்கணும், எத்தனை நாளைக்கு ஒருக்கா மெலிசாக்கணும்னு எழுதி வாங்கிட்டுப் போனாங்க. மத்ததெல்லாம் அவங்க யோசனை. வாராவாரம் போன்ல கணக்கா சொல்லிடுவாங்க. ஆமா, பெட்டிக்கு வார்னிஷ் அடிச்சாச்சா?"

வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். எனக்கு முன்னால் இருந்த கம்பியைப் பிடித்துப் பிடித்துப் பார்த்தேன்.

"துவாலை தானா தேயலையா?" என்றேன் கடைசியில்.

"நாலு நாளைக்கு ஒரு சுற்று நான்தான் பிரிச்சேன். நீங்க குளிக்கப் போறப்போ."

"தச்சரு?"

"அவருக்கு முதல்லயே தெரியும்."

"அத்தை இங்க வந்து இருக்கப் போறாங்கங்கிறது?"

"அது நிஜங்க. பெட்டி வேணும்னு சொன்னதும் நிஜம். அந்த ரெண்டு விரக்கடை மட்டும்தான் பொய்."

"என்கிட்டயே நேரா சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா டிக் போட்டிருப்பீங்க."

நடத்துனர் வந்து டிக்கெட் கேட்டுக் காப்பாற்றினார்.

அந்த வாரக் கடைசியில் மாமியார் வந்து சேர்ந்தார். வாசல் அறையில் பெட்டியைப் பார்த்ததும் கைப்பையைக் கீழே வைத்துவிட்டு அதன் முன்னால் உட்கார்ந்துவிட்டார். மூலைகளைத் தடவினார். மூடியைத் திறந்து திறந்து மூடினார். தன் புடவைகள், மாமனாரின் கண்ணாடி போட்ட படம், இரண்டு பழைய கம்பளி, எல்லாவற்றையும் அவரே எடுத்து அடுக்கினார்.

"மூடி ஒரு பக்கம் சரியா உட்காரலை அத்தை" என்றேன் தயங்கித் தயங்கி.

"காத்துப் போறதுக்கு வழி விட்டிருக்கீங்க மாப்பிள்ளை. கடையில வாங்கினா யாரு இந்த மாதிரி யோசிச்சுச் செய்வாங்க?"

அதற்கு மேல் என்னால் அங்கே நிற்க முடியவில்லை. மறுநாள் காலையிலிருந்து மறுபடி வண்டி எடுக்கச் சொல்லி டெப்போவிலிருந்து தகவல் வந்திருந்தது. நாற்காலி வேறு யாருக்காவது காத்திருக்கட்டும். நேராக மொட்டை மாடிக்குப் போனேன். மனைவி கொடியில் கிளிப்புகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். என்னுடைய வலது கையால் அவள் கையைப் பிடித்தேன். முழுசாக, ஐந்து விரலும் மடங்க.

"உன்னை ஏமாத்திட்டதா நினைச்சு ரெண்டு மாசமா உள்ளுக்குள்ள சிரிச்சேன்" என்றேன். "நீ இல்லேன்னா நான் அந்த நாற்காலியிலதான். இதுக்கெல்லாம் உனக்கு நான் என்ன கைம்மாறு செய்யப் போறேனோ தெரியலை."

அவள் கண்ணும் கலங்கியது. என் பிடியை ஒரு நிமிஷம் அப்படியே வைத்திருந்தாள். அமுக்கிப் பார்த்தாள். திருப்தியாகத் தலையாட்டினாள்.

"கைம்மாறெல்லாம் எதுக்குங்க, இதே கை போதும். அம்மா கொண்டுவந்த போர்வை ஆறும் வாளியில ஊறுது, முறுக்கிப் பிழிஞ்சு கொடியில போட்டுட்டு வாங்க."