தோன்றா எழுவாய்

எங்கள் வீட்டு வாக்கியத்தில் என் மனைவி எழுவாய், நான் செயப்படுபொருள், என் பேச்சு பயனிலை. அதாவது, பயன் இல்லை. இந்த இலக்கணத்தை மாற்றியே தீருவது என்று போன மாதம் ஒரு வீர முடிவு எடுத்தேன்.

மகளுக்கு ஒன்பது வயது. பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைக்கிறோம். ‘வைக்கிறோம்’ என்பது பேச்சுக்குத்தான். வைப்பவள் மனைவி மட்டுமே. அவள் வீட்டிலிருந்தே துணி தைத்துக் கொடுக்கிறாள். வாயில் நாலு குண்டூசியைக் கவ்விக்கொண்டு வேற்றுமை உருபு சொல்லித் தர முடியாது. யாரையும் கூப்பிடாமல் குழந்தை தானே போட்டுக்கொள்கிற மாதிரி ஓர் இலக்கணப் பயிற்சிப் புத்தகம் வேண்டும் என்றாள். தேடும் வேலை என் தலையில் விழுந்தது.

நான் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவன். ஊருக்கே கண் பார்ப்பவனுக்கு ஒரு புத்தகம் பார்க்கத் தெரியாதா என்று கிளம்பினேன். முதலில் வாங்கியதில், கேள்வி புரியவே ஒரு புலவரைக் கூட்டிவர வேண்டியிருந்தது. இரண்டாவதில் விடைகளைப் பக்கத்தின் அடியில் தலைகீழாக அச்சடித்திருந்தார்கள். மகள் யாரையும் கூப்பிடவில்லை. புத்தகத்தைத் திருப்பினாள், அரை மணியில் மொத்தத்தையும் முடித்தாள், விளையாடப் போய்விட்டாள்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

“இந்தக் காலத்துப் புத்தகமே சரியில்ல. நான் சின்ன வயசுல போட்ட பயிற்சிப் புத்தகம் பரண்ல இருக்கு. விடை மொத்தமும் தனியா எழுதினேன். ஒருத்தர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டதில்ல” என்றேன்.

தையல் மிஷின் நின்றது. மனைவி குண்டூசிகளை ஒவ்வொன்றாக வாயிலிருந்து எடுத்தாள்.

“தனியாவா?”

“பின்ன?”

“அப்ப அதையே அவளுக்குக் குடுங்க. கடைசிப் பக்கம் வரைக்கும் அவ யாரையும் கூப்பிடலன்னா, உங்க காலைத் தூக்கத்துல நான் தலையிட மாட்டேன். ஒரு தடவை கூப்பிட்டாலும், தினம் காலைல ஆறு மணிக்கு நீங்கதான் வாத்தியார்.”

ஏழரை மணி வரை தூங்குவது ஒன்றுதான் இந்த வீட்டில் என் பேரில் இருக்கும் சொத்து. அதைப் பணயம் வைத்தேன்.

பரணிலிருந்து புத்தகம் இறங்கியது. பழுப்புக் காகித அட்டை, அதில் பாதி உரிந்த லேபிள். முகர்ந்து பார்த்தேன். கண் கலங்கியது, தூசியாலும் இருக்கலாம். அந்தத் தெரு ஞாபகம் வந்தது. எங்கள் வீட்டு வாசல்படி, மணி அடிக்காத என் சைக்கிள், எதிர் வீட்டு இரட்டைச் சடைக்காரி. அந்தச் சடைக்காரிதான் இப்போது தையல் மிஷினில் உட்கார்ந்திருப்பவள். சாயங்காலமானால் வந்து என் சைக்கிளை உரிமையோடு எடுத்துக்கொண்டு போவாள். இருட்டும் வரை நான் படியில் உட்கார்ந்து காத்திருப்பேன். அது நல்ல காலம். யாரையும் தொட விடாத சைக்கிளை அவளுக்கு மட்டும் எதற்குக் கொடுத்தேன் என்பதுதான் நினைவில்லை.

பழைய பென்சில் விடைகளை அழிக்க உட்கார்ந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமையும் இரண்டு ரப்பரும் தீர்ந்தன. குண்டு குண்டான எழுத்து, ஒரு பிழை இல்லை. அந்த வயதில் என் கையெழுத்து இத்தனை அழகா என்று எனக்கே பெருமை தாங்கவில்லை. காபி கொண்டுவந்த மனைவி அந்தப் பக்கங்களைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“நல்லா அழிங்க” என்றாள்.

புத்தகம் ஜெயித்தது. பதினெட்டு நாள் மகள் வாயைத் திறக்கவில்லை. நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு நடந்தேன். பத்தொன்பதாம் நாள் கடைசிப் பாடம்: தோன்றா எழுவாய். செய்கிற ஆள் வாக்கியத்தில் தலைகாட்டாமல் ஒளிந்திருப்பது. நான் சட்டைக்குப் பித்தான் போட்டுக்கொண்டிருந்தேன்.

“அப்பா, இங்க வாயேன். இதுல எழுவாய் யாருன்னு தெரியல.”

போனேன். கடைசிப் பக்கத்தின் ஓரத்தில், நான் அழிக்க விட்டுப்போன இரண்டு வரி. குண்டு குண்டான எழுத்து. ‘மீதியை நாளைக்கு எழுதித் தருகிறேன். சைக்கிளைத் துடைத்து வை.’

முப்பது வருஷம் கழித்து எனக்குக் கண் தெரிந்தது. தனியாக எழுதினேன் என்று சொல்லிச் சொல்லி நானே நம்பிவிட்டிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. அதைவிட, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து அவள் எழுத்தையெல்லாம் என் கையாலேயே அழித்தேனே என்று வலித்தது.

“இந்த வரி இருக்கிறது உனக்குத் தெரியுமா?” என்றேன்.

“எழுதினவளுக்குத் தெரியாதா?” என்று மனைவி வந்தாள். மகளிடம் பென்சிலை வாங்கி, பழைய வரிக்குக் கீழே அதே எழுத்தில் எழுதினாள்.

‘நாளைக் காலை ஆறு மணிக்கு எழுவாய். இதில் தோன்றா எழுவாய் யார்?’

கல்யாணமானதிலிருந்து ‘நீங்க’வாக இருந்தவனை ஒரே வரியில் பழையபடி ‘நீ’ ஆக்கிவிட்டாள். பென்சிலை வாங்கி, தோல்வியை ஒப்புக்கொண்டு, ‘நான்’ என்று எழுதினேன்.

மகள் எட்டிப் பார்த்தாள். “தப்புப்பா. ‘நீ’ன்னு வரணும்” என்று ரப்பரை என் கையில் கொடுத்தாள்.