ஏழாவது மதகு

“மேலேர்ந்து விழற பந்தைப் பிடிக்க உனக்கு யாரு உத்தரவு குடுத்தா?”

ஏழுமதகு நாட்டின் ஆட்டத்துறை மந்திரி ஒருமுறை அஞ்சுகத்தை இப்படித்தான் கேட்டார். கூடைப்பந்துப் பயிற்சியில், வளையத்தில் பட்டுத் திரும்பிய பந்தை அவள் எம்பிப் பிடித்துவிட்டாள். அந்தப் பந்து, வளையத்தடியில் நின்று ஆடும் பவர் ஃபார்வர்டு மல்லையருக்கு உரியது. அவள் மாற்று ஆட்டக்காரி. பெஞ்சில் உட்கார்ந்திருப்பதே அவள் வேலை.

அந்த நாட்டுக்கும் மேல்கரை நாட்டுக்கும் ஓர் ஒப்பந்தம் இருந்தது. கோடைதோறும் ஏழு கூடைப்பந்தாட்டங்கள்; ஏழுமதகு தோற்கும் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் அதன் ஒரு மதகு ஆடி மாதம் வரை மூடப்படும். அந்தக் கோடையில் ஆறு ஆட்டங்கள் தோற்றாகிவிட்டன. மிச்சமிருந்த ஏழாவது மதகை நம்பித்தான் அஞ்சுகத்தின் ஊரில் நெல் பால் பிடித்து நின்றது.

மல்லையரை மாற்றலாமா என்று நாட்டின் சபை முதல் தோல்வியன்றே விவாதிக்கத் தொடங்கியது. மூன்று நாள் யோசித்து, பயிற்சியில் அவருக்கு எதிரே நிற்பவர்கள் குதிக்கக் கூடாது என்று சட்டம் போட்டது. பயிற்சியில் அவர் எல்லாப் பந்துகளையும் பிடித்தார். இரண்டாம் மதகு மூடியது. ஊக்கம் போதவில்லை என்றது சபை. குடிமக்கள் களையெடுப்பதை விட்டு, மாலைதோறும் சாலையோரம் நின்று கைதட்டினார்கள். ஐந்தாம் மதகும் மூடியபின், ‘தண்ணீர் இல்லை’ என்று சொல்வது குற்றமானது. ‘மதகு ஓய்வெடுக்கிறது’ என்று சொல்லலாம்.

ஏழாம் ஆட்டத்தன்று காலை சபை கடைசியாகக் கூடியது. அஞ்சுகம் எழுந்தாள்.

“ஐயா, அவருக்கு முட்டி வீங்கிக் கெடக்கு. எம்பவே முடியல. இந்த ஒரு ஆட்டம் என்னை எறக்கிப் பாருங்க. எங்க ஊருக்கு வேற மதகு இல்ல.”

மந்திரி தொண்டையைச் செருமினார். “இன்று மாற்றினால், ஆறு ஆட்டங்களாக மாற்றாதது தவறு என்றாகும். தவறு யாருடையது என்று கேட்பார்கள். இந்த நாடு அந்தக் கேள்வியைத் தாங்காது.”

“வேணும்னா பெஞ்சை வளையத்துக்குப் பக்கத்துல தள்ளிப் போடுவோம். பொண்ணு ஆசைப்படுதுல்ல!” என்றார் ஓர் உறுப்பினர். சபை சிரித்தது.

அப்போது மல்லையர் தூணைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். “நானே சொல்றேன், என்னால முடியல. அந்தப் பொண்ணு ஆடட்டும்.”

மந்திரி புன்னகைத்தார். “என்ன பணிவு! இப்படிப்பட்டவரையா மாற்றச் சொல்கிறீர்கள்?”

பலத்த கரவொலி. மல்லையரே ஆட வேண்டும் என்ற தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

ஆட்டத்தில் ஒரு நிமிடம் மிச்சம். இரு பக்கமும் சமம். அஞ்சுகத்தின் கெண்டைக்கால்கள் இறுகியிருந்தன. திடீரென்று மல்லையர் நொண்டிக்கொண்டே எல்லைக்கோட்டைத் தாண்டி வெளியே போனார். அவள் துள்ளி எழுந்தாள்.

“உட்காரு!” மந்திரி ஒலிபெருக்கியைப் பிடுங்கினார். “மல்லையர் தம் இடத்தில்தான் நிற்கிறார். வேறு யாரும் அங்கே கால் வைக்கக் கூடாது. கைதட்டுங்கள்!”

தட்டினார்கள். மேல்கரைக்காரன் எறிந்த பந்து வளையத்தில் பட்டு எகிறி, அந்த வெற்றிடத்தில் விழுந்தது. மீதி நான்கு பேரும் அதைப் பார்த்தபடி நின்றார்கள். அவன் நிதானமாக வந்து பந்தை எடுத்து மறுபடி எறிந்தான். உள்ளே விழுந்தது. மணி அடித்தது.

“பார்த்தாயா? மல்லையர் இருந்தே தோற்றோம். நீ இருந்து என்ன ஆகியிருக்கும்?” என்றார் மந்திரி.

மதகை மூடுவதற்குச் சேவகர்கள் சாவியைத் தேடிக்கொண்டிருந்தார்கள். கூட்டத்தில் அவளுடைய ஊர்க்காரர்களின் கைகள் பாதித் தட்டலில் நின்றுபோயின. அஞ்சுகம் சேவகர்களைக் கடந்து, வாசலைக் கடந்து, வாய்க்கால் கரையில் ஏறி, சாவி வருவதற்குள் குறுக்கே நின்றுவிட மதகை நோக்கி வேகமாக நடந்தாள்.