முப்பத்துநாலு மார்க்

ஆறு பேர் இருக்கவேண்டிய இடத்தில் பதினோரு பேர் உட்கார்ந்திருந்தார்கள். பிரிஜா டீச்சர் இரண்டு தடவை எண்ணிப் பார்த்தாள்.

பத்தாம் வகுப்பில் கணக்கில் தேறாத ஆறு பேருக்காக, சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டபிறகு நடக்கிற ஸ்பெஷல் கிளாஸ் அது. "அரையாண்டுல அந்த ஆறும் முப்பத்தஞ்சு எடுக்கணும். இல்லேன்னா ஜனவரியில நான் வேற டீச்சரப் பாக்க வேண்டியதுதான்" என்று தலைமையாசிரியர் நாராயணபெருமாள் சொல்லிவிட்டார்.

தற்காலிக வேலைதான். ஆனால் ஏழு வருஷம் வீட்டில் இருந்தபிறகு கிடைத்த வேலை. அந்தப் பயத்தில் அவள் மூச்சுவிடாமல் பாடம் எடுத்தாள். அந்த ஆறு பேரில் ஒருவனான சிஜின் விளங்கவில்லை என்று சொன்னால், அதே வரியை இன்னும் உரக்கச் சொன்னாள்.

முதல் வாரம் மணி அடித்ததும் ஆறு பேரும் பேச்சிப்பாறை பஸ்ஸுக்கு ஓடினார்கள். அவர்களை நிறுத்தத்தான், சத்துணவு சமைக்கிற தாணம்மாளிடம் தன் வீட்டு ஏத்தன் வாழைக்குலையைக் கொடுத்துப் பழம்பஜ்ஜி போடச் சொன்னாள். ஆறு பேரும் நின்றார்கள். கூடவே இன்றைக்கு இந்த ஐந்து பேர். அதில் ஒருத்தியின் பெயர் அஞ்சு. வகுப்பில் முதல் மார்க்.

"ஏட்டி, உனக்கு இங்க என்ன சோலி?"

"எனக்கும் கணக்கு வரல்ல டீச்சர்."

"போன பரீட்சையில தொண்ணூத்தெட்டு எடுத்தியே?"

"அது எப்பிடியோ வந்துட்டு டீச்சர்."

மறுநாள் பதினாறு பேர். அதற்கு மறுநாள் இருபத்துநாலு. பஜ்ஜிக்கு இல்லாத கூட்டமா?

பிரிஜா ஒரு வழி கண்டுபிடித்தாள். வெள்ளிக்கிழமை டெஸ்ட். முப்பத்தைந்துக்குக் கீழே எடுப்பவர்களுக்கு மட்டும்தான் இனி ஸ்பெஷல் கிளாஸ், அவர்களுக்கு மட்டும்தான் பஜ்ஜி.

அன்று ராத்திரியே பேப்பரைத் திருத்தினாள். அந்த ஆறு பேரும் வழக்கம்போல ஏழு, ஒன்பது. மீதிப் பதினெட்டுப் பேருக்கும் சொல்லிவைத்தாற்போல முப்பத்துநாலு. அஞ்சு முப்பத்துநாலு மார்க்குக்கு மட்டும் சரியாகப் போட்டுவிட்டு, மீதி இடத்தில் ஒரு பூ வரைந்திருந்தாள்.

மார்க் பட்டியலைப் பார்த்த நாராயணபெருமாள் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஆறு பேரத் தேத்தச் சொன்னா, இருவத்துநாலு பேரத் தோக்கடிச்சு வச்சிருக்கியளே டீச்சர்? இனி இருவத்துநாலும் கிளாஸுக்கு வந்தாகணும்."

போதாக்குறைக்குத் தாணம்மாள் தன் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"இத்தன பிள்ளையளுக்கு நான் ஒருத்தி எப்பிடி மக்கா போடுவேன்? மணிக்கட்டு விட்டுப்போவுது. நீ வந்து பழத்தக் கீறித் தா."

"அப்போ கிளாஸ யாரு அக்கா எடுப்பா?"

"பத்து நிமிசந்தான. அதுக்குள்ள கணக்கு ஓடியா போயிரும்?"

பத்து நிமிஷம் அரைமணி ஆயிற்று. பழம் கீறினால், மாவு கலக்கச் சொன்னாள். மாவு கலக்கினால், அடுப்பைப் பார்க்கச் சொன்னாள். பஜ்ஜியை நிறுத்தலாமென்றால் ஆறு பேரும் பஸ்ஸுக்கு ஓடிவிடுவார்கள். பிரிஜா ஒரு மாதமாகக் கிளாஸ் நேரம் முழுக்க அடுக்களையைவிட்டு வெளியே வரவில்லை. ராத்திரி கண்ணை மூடினால் நாராயணபெருமாள் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு வந்து நின்றார்.

அரையாண்டு முடிந்து மார்க் வருகிற அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை. சாயங்காலம் தலைமையாசிரியர் தாளோடு அடுக்களைக்கே வந்துவிட்டார்.

"சிஜின் அம்பத்திரெண்டு. சபிதா நாப்பத்தேழு. ஆறும் பாஸ். அஞ்சுவும் மத்தவங்களும் பழையபடி தொண்ணூறுக்கு மேல. நீங்க இங்கயே இருங்க டீச்சர், உங்கள விடமாட்டேன்."

அவர் போனதும் பிரிஜா படியில் உட்கார்ந்து அழுதே விட்டாள். சந்தோஷம்தான். ஆனாலும் ஒன்று மட்டும் உறுத்தியது.

"ஒரு மாசமா ஸ்பெஷல் கிளாஸுல நான் ஒரு கணக்குகூட எடுக்கல்லியே அக்கா. பின்ன எப்பிடிப் பாஸாச்சு?"

தாணம்மாள் பெரிய எண்ணெய்ச்சட்டியை ஒற்றைக்கையால் தூக்கி இறக்கி வைத்தாள்.

"டீச்சர் எடுத்தா அந்த ஆறும் தேறாது, டீச்சருக்க வேலையும் போயிரும், நாங்க இருந்து சொல்லிக்குடுக்கோம், நீங்க டீச்சர அடுக்களையில பிடிச்சு வச்சுக்கிடுங்கன்னு அஞ்சு வந்து சொன்ன பொறவுதான மக்கா, எனக்குக் கைவலியே வந்துது."