பேட்டா கட்டிய வரலாற்றாசிரியர்

எனக்கு வரலாறு தெரியாது. தெரியாது என்று வாயைத் திறந்து சொல்லவும் வராது. இந்த வியாதியால் ஒருமுறை நான் பட்டதை நினைத்தால், இன்றும் என்னை நானே ஓங்கி அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

மாநில எல்லையில், அத்திபெலேக்கு அப்பால் ஒரு சின்ன ஊர், என் மனைவியின் ஊர். அங்குள்ள பழைய தொடக்கப்பள்ளியின் நூற்றாண்டு மலருக்கு ஊர் வரலாறு எழுதித் தரச் சொன்னார் விழாக்குழுத் தலைவர். நானோ நகரத்தில், ஆஸ்டின் டவுனில் பிறந்து வளர்ந்தவன். ஐடி கம்பெனியில் சாப்ட்வேருக்குக் கையேடு எழுதுகிறவன். (எந்தப் பொத்தானை அழுத்தினால் என்ன ஆகும் என்று எழுதுகிறவனுக்கு ஓர் ஊரின் கதை எம்மாத்திரம்!) உடனே தலையாட்டிவிட்டேன்.

நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் பஸ் ஏறிப் போய், பதினோரு பெரியவர்களைப் பேட்டி எடுத்தேன். சந்தை எப்போது வந்தது, பள்ளிக்கு ஓடு யார் போட்டது, எல்லாவற்றையும் கேட்டேன். ஒருவர் மட்டும், "அப்போ காலனிப் பசங்க வெளியதான்..." என்று ஆரம்பித்தார். கூட வந்த தலைவர் குறுக்கே புகுந்தார்.

"அதெல்லாம் பேடா சார், வேணாம். மலர்ல நல்லதா நாலு விஷயம் இருக்கட்டும்."

நான் ரெக்கார்டரை அணைத்தேன். அந்தக் காலனியில்தான் என் மாமியார் வீடு என்பது தெரிந்தும் அணைத்தேன். அதோடு நின்றேனா? "சாதி பேதமின்றிப் பிள்ளைகள் ஒரே பாயில் அமர்ந்து பயின்றனர், மழையிலும் பாடம் நின்றதில்லை" என்று சொந்தச் சரக்கு வேறு சேர்த்தேன்.

விழா மேடையில் சால்வை போர்த்தித் தலையில் மைசூர் பேட்டா வைத்தார்கள். தலைப்பாகை அளவு பெரிது, காதுவரை இறங்கியது. அந்தக் கோலத்தில் ஏற்ற இறக்கத்தோடு கட்டுரையை வாசித்தேன். 'ஒரே பாயில்' என்றதும் கைதட்டல். மூன்றாவது வரிசையில் ஒருவர் எழுந்தார். என் மாமியார் கன்னியம்மா!

"எந்தப் பாயி மாப்ள அது? மூணு வருசம் அந்த ஸ்கூல்ல நானு வெளிய புங்கமரத்தடியிலதான் குந்தினு படிச்சேன். வாத்தியார் சொல்றது ஜன்னல் வழியா காதுல வுழுந்தாதான் பாடம். மழ வந்தா உள்ள இருக்கறவங்களுக்குப் பாடம், எங்களுக்கு லீவு."

தலைவர் மைக்கைப் பிடுங்கினார். "அம்மா, உக்காருங்கம்மா, அப்புறம் பேசலாம்."

"அன்னிக்கும் உக்காருன்னீங்க, இன்னிக்கும் அதையே சொல்றீங்க. எங்கப்பாவும் காலனி ஆளுங்களும் சேந்து கொட்டாய் போட்டு எங்களுக்குன்னு ஒரு பள்ளிக்கூடம் வெச்சாங்களே, அது எந்தப் பக்கத்துல இருக்குது மாப்ள?"

எந்தப் பக்கத்திலும் இல்லை. ஊரெல்லாம் பேட்டி எடுத்தவன், அந்த நான்கு ஞாயிறும் எனக்குச் சோறு போட்டவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பேட்டா இன்னும் என் தலையில்தான் இருந்தது. தலைவர்மேல் வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. என்மேல் வந்தது அதைவிடப் பெரிது. ரெக்கார்டரை அணைத்தது அவர் கை அல்லவே.

மறுவாரம் மாமியாரை உட்கார வைத்துக் கேட்டு எழுதிய ஒரு பக்கத்தை, வீடு வீடாகப் போய் மலரில் ஒட்டினேன். தலைவர் வீட்டில் கதவைத் திறக்கவில்லை.

இப்போதும் பொங்கலுக்குப் போனால், "மலர் எழுதினவருக்கு வெளிய இலை போடுங்க" என்பார் மாமியார். வீடே சிரிக்கும். என் ஏழு வயது மகள் மட்டும், "ஏன் பாட்டி, அப்பா என்ன பண்ணாரு?" என்று கேட்பாள்.

"உங்கப்பாவையே கேளு" என்று சொல்லிவிட்டு மாமியார் கரண்டியோடு நிற்பார். நான் ஒன்றையும் விடாமல் சொல்லி முடித்த பிறகுதான் சோறு விழும்.